வடித்த கஞ்சி

சத்தம் நின்றுவிட்டது. மக்காச்சோளக் கொல்லைக்குள்ளிருந்து இவ்வளவு நேரமும் டொக்கு டொக்கென்று வந்துகொண்டிருந்த, பூச்சிமருந்து அடிக்கிற டேங்க்கின் கைப்பிடிச் சத்தம் நின்றுவிட்டது. தொட்டித் தண்ணீரில் குடத்தை அமுக்கிக்கொண்டிருந்த தையல்நாயகி அமுக்கிய கையோடு அப்படியே குனிந்து நின்றாள், குடம் பாட்டுக்குக் களக் களக்கென்று குடித்துக்கொண்டிருந்தது, சனியன், இதுக்கு வேற நேரம் காலம் தெரியாது, கொஞ்சம் வாயை மூடினால்தான் என்ன என்று அதைத் தூக்கி வெளியே வைத்தாள். இப்போது சோளத் தோகைகள் ஒன்றோடொன்று உரசுகிற சரசரப்பு மட்டும்தான் கேட்டது. அதற்குள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. ஒரு ஆளை முழுசாக விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டு நிற்கிறது கொல்லை. கூப்பிடலாமா, கூப்பிட்டால் என்னாடி என்று கேட்பார், என்னவென்று சொல்வது, சத்தம் நின்றுபோச்சு அதனால் கூப்பிட்டேன் என்றா. ஒன்றும் இருக்காது. டேங்க் வார் தோளை அறுத்திருக்கும், மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். குழாய் முனையில் தூசி அடைத்திருக்கும், வாயை வைத்து ஊதிக்கொண்டிருப்பார். ஐயோ, மருந்துக் குழாயில் வாயை வைப்பாரே என்று பதறியவள் மறு நொடியே, வைக்கட்டுமே, அந்த டேங்க்குக்குள் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாதா என்று நினைத்தாள், சிரிப்பு மாதிரி ஒன்று கிளம்பி வந்து பாதியில் அழுகையாக மாறியது. டொக்கு. டொக்கு டொக்கு. வந்துவிட்டது. கொல்லையின் நடுவிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி, புருஷன் கலியபெருமாள் உயிரோடு இருக்கிற சத்தம் வந்தது. தையல்நாயகி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வரப்பில் இருந்த பிளாஸ்டிக் பேரலை நோக்கி நடந்தாள்.

ஆச்சரியப்படுவதற்கென்றே பிறந்தவள் தையலு என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில், இதே கொல்லையில் போர் போட்டுத் தண்ணீர் பீய்ச்சியபோது ஊரே ஆடிப்பாடிக்கொண்டு நனைய, இவள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பாறைக்கு அடியில் இத்தனை காலம் இருட்டில் கிடந்த தண்ணீருக்கு இன்றைக்குத்தான் வெயில் தெரிகிறது என்று நினைத்து மலைத்துப்போய் நின்றவளைப் பார்த்து, வாய மூடு புள்ள, ஈ பூந்துரும் என்றார் புது மாப்பிள்ளை. அன்றையிலிருந்து அந்த ஒரு வாக்கியம்தான் அவர் அவளைக் கொஞ்சுவதற்கும் திட்டுவதற்கும் வைத்திருக்கிற வாக்கியம். அந்தப் போர் தூர்ந்துபோய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, இப்போது மருந்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்துக் கொல்லைக்காரர் தொட்டியில்தான் மொண்டு வர வேண்டும், ஆனால் வாய் பிளப்பது மட்டும் நிற்கவில்லை. இந்தச் சோளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் ரோஸ் கலர் சாயம் பூசிய விதையை அவள்தான் ஒவ்வொன்றாகக் கரிசலில் ஊன்றினாள், கார்த்திகைக்குள் அது ஆளை மறைக்கிறது, எங்கே இருந்தது இவ்வளவு பச்சையும், அந்த விதைக்குள்ளேயா, மண்ணுக்குள்ளேயா, மேலேயிருந்து வந்ததா. இதை நினைத்து நின்றால் நாள் பூரா நிற்கலாம். அப்புறம் அந்தப் புழு. படைப்புழு. கடல் தாண்டி எங்கேயோ வேறு தேசத்திலிருந்து வந்த புழு என்று விவசாய ஆபீஸ்காரர் மைக்கில் சொன்னார். குருத்துக்குள் தலைகீழாக இறங்கி உட்கார்ந்துகொண்டு தின்றுகொண்டே இருக்கிறது. முகத்தில் நாமம் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, தலைகீழ் நாமம், யார் போட்டு அனுப்பியதோ. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அது ஊரையே தின்கிறது, சோளத்தைத் தின்று, சோளத்தை நம்பி வாங்கிய கடன் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, தோட்டைத் தின்று மூக்குத்தியைத் தின்று, கடைசியில் ஆளையும் தின்றுவிட்டது. சாமிதுரையைத் தின்றது அதுதானே.

சாமிதுரை பக்கத்து வீட்டுக்காரன், கலியபெருமாளுக்குப் பங்காளி முறை, ஒன்றாகக் கோலி ஆடி ஒன்றாகவே கடன் வாங்கியவன். ஐப்பசியில் ஒரு காலை மருந்தைக் குடித்துவிட்டான். தையல்நாயகியின் நினைப்பு அந்த இடத்துக்கு வந்தால் மேலே போகாது, வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கிய மாதிரி அங்கேயே சுற்றும். ஏனென்றால் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் நின்று, ஏ தையலு, கருவேப்பிலக் கன்னு இருந்தா ஒண்ணு குடேன், அஞ்சலம் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கா என்றான். இவள் மண்ணோடு பெயர்த்துக் கொடுத்தாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான், குழந்தையை வாங்குகிற மாதிரி. அன்றைக்கே குழி எடுத்து வைத்துத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறான். விடிந்தால் சாகப் போகிறவன் கன்று கேட்பானா. கேட்டானே. அப்படியென்றால் சாயங்காலம் அவனுக்கே தெரியாதா, அல்லது தெரிந்துதான் கேட்டானா, தன் பெண்டாட்டி கேட்ட கடைசிப் பொருளையாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்றா. அந்தக் கன்று வேர் பிடித்து இப்போது புதுக்கொழுந்து விட்டிருக்கிறது. அஞ்சலம் அதில் ஒரு இலை கிள்ளுவதில்லை. போலீஸ் வந்து தீராத வயிற்று வலி என்று எழுதிக்கொண்டு போனார்கள். தையல்நாயகி அதற்கும் வாயைப் பிளந்தாள். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு சாமிதுரைக்கு, திருவிழாவில் அவன் சாப்பிடுவதைப் பார்க்கவே கூட்டம் கூடும், அவனுக்கா வயிற்று வலி. ஆனாலும் பாவம், வேறு என்னவென்றுதான் எழுதுவது, மனுஷனுக்குள்ளே குருத்தில் புழு இறங்கியிருந்தது என்று எழுத அவர்களிடம் இடம் இருக்கிறதா. அன்றிலிருந்து அவளுக்கு மனிதர்களைப் பார்த்தாலே மலைப்பாக இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஒவ்வொருவனும், மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற ஒவ்வொருவனும், தனக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும். தினமும் பாயில் பக்கத்தில் படுக்கிறவர் தனக்குள் என்ன வைத்திருக்கிறார். அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஏறி, இறங்கி, மறுபடியும் தானாகவே ஏறுகிறது, யாரும் சொல்லாமலே.

தெருவில் எல்லாப் பெண்களும் அந்த வாரம் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். வாய் விட்டு யாரும் பேசிக்கொள்ளவில்லை. மருந்து பாட்டில்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து இடம் மாறின. ஒருத்தி அரிசிப் பானைக்குள் வைத்தாள் என்றும், ஒருத்தி தாய்வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள் என்றும் பின்னால் தெரிந்தது. தையல்நாயகிக்கு ஒளித்து வைக்கத் தைரியம் இல்லை. ஒளித்தால் தேடுவார், தேடினால் கேட்பார், கேட்டால் எதற்கு ஒளித்தாய் என்பார், அப்போது அந்தச் சொல்லை வாயால் சொல்ல வேண்டி வரும். சொல்லிவிட்டால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று பயந்தாள். அதுவரை அவர் மனதில் இல்லாமலே இருந்து, இவள் சொல்லி அவருக்கு ஞாபகம் வந்துவிட்டால்? ஆகவே அவர் சந்தைக்குப் போன ஒரு நாள், மருந்தை ஊர்க்கோடிக் கரம்பில் ஆழமாகக் குழி தோண்டிக் கொட்டி மூடிவிட்டு, பாட்டிலை மண்ணும் சாம்பலும் போட்டுக் குலுக்கிக் கழுவி, அன்றைக்கு வடித்த கஞ்சியை ஆற வைத்து அதில் ஊற்றி மூடி, எடுத்த இடத்திலேயே கூரையில் செருகிவிட்டாள். தண்ணீரில் கலந்தால் மருந்தைப் போலவே வெள்ளையாகக் கலங்க வேண்டுமே, அதற்குத்தான் கஞ்சி. என்னே மூளை என்று தன்னையே அன்று மெச்சிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இவள் சோற்றுக் கஞ்சியையே பாட்டிலில் மறைத்தாள். ஆனால் தினம் பழைய சோற்றைப் பிழிந்து நீராகாரம் குடிக்கிற பெண்ணுக்கு, கழுநீர்ப் பானையில் கை விட்டு மாட்டுக்குக் கலக்குகிற பெண்ணுக்கு, கஞ்சி புளிக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை. அது மட்டுமா, மருந்து என்பது குடிக்க அல்ல, சோளத்துக்கு அடிக்க வாங்கியது என்பதும் சுத்தமாக மறந்தே போயிற்று. இன்று காலையில் கலியபெருமாள் கூரையிலிருந்து பாட்டிலை உருவி எடுத்து, டேங்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடத்த எடுத்துக்கிட்டு வா, குருத்தெல்லாம் சல்லடையாப் போச்சு, இன்னிக்கி அடிச்சிறணும் என்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

வரப்பில் வைத்து அவர் மருந்து கலந்ததை அவள் தள்ளி நின்று பார்த்தாள். இருபது வருஷமாக மூக்கைக் கட்டாமல் மருந்தடித்த மனிதர், கட்டுங்க கட்டுங்க என்று இவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் கேட்காதவர், இன்றைக்கென்று பார்த்துத் துண்டை நன்றாக உதறி மூக்கோடு வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். மாரியாத்தா, நீதான் கட்ட வைத்தாய் என்று நினைத்துக்கொண்டாள். ஏனென்றால் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்து, பழைய கஞ்சியின் புளிப்பு வாடை தள்ளி நின்ற அவள் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. அவர் ஒன்றும் தெரியாதவராக மூடியில் அளந்து அளந்து டேங்க்கில் ஊற்றினார், குச்சியால் கலக்கினார், காற்று எந்தப் பக்கம் என்று மண்ணைக் கிள்ளித் தூவிப் பார்த்தார், முதுகில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். எத்தனை கரிசனம், எத்தனை ஒழுங்கு, எல்லாம் ஒரு பாட்டில் புளித்த கஞ்சிக்கு. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இப்போது சொல்லிவிடலாம். ஏங்க, நில்லுங்க, அது மருந்து இல்ல. சொன்னால் சோளம் பிழைக்கும், எப்பாடு பட்டாவது வேறு மருந்து வாங்கி அடிக்கலாம், இன்னும் ஒரு வாரம் விட்டால் கதிர் பிடிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆனால் சொன்னால், நான் செத்துப்போவேன் என்று நினைத்துத்தானே செய்தாய் என்பார். அப்படியா நினைத்தாய் என்னை என்பார். சொல்லாவிட்டால் சோளம் போகும். சோளம் போனால் கடன் நிற்கும். கடன் நின்றால் எதை நினைத்து அவள் பயந்தாளோ அதுவே வந்து நிற்கும். ஆளைக் காப்பாற்ற மருந்தைக் கொட்டினாள், மருந்தைக் கொட்டியதால் சோளம் போகிறது, சோளம் போவதால் ஆள், என்று நினைப்பு செக்கு மாடாகச் சுற்றிக்கொண்டு வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பது இதுதான் போலிருக்கிறது.

தோகை விலகியது. கலியபெருமாள் வெளியே வந்தார், காலி டேங்க்கை இறக்கி வரப்பில் வைத்தார். தோகை கிழித்த கோடுகள் கையெல்லாம் சிவந்திருந்தன, வார் அழுத்திய இடத்தில் சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது, கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. அவள் அந்த நரம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன ஒரு அதிசயம் அது, ஒரு நரம்பு அதுபாட்டுக்குத் துடிக்கிறது.

"என்னாடி பாக்குற? ஊத்து."

"கொஞ்சம் குந்திட்டு அடிங்களேன். வெயிலு ஏறுது."

"குந்துனா முடியாது."

"இந்த மருந்து கேக்குமாங்க?" அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவர் துண்டுக்கு மேலே தெரிந்த கண்களால் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கேக்கும் கேக்கும். நல்ல மருந்து. இதுக்கு மேல ஒரு மருந்து கெடையாது" என்றார். பாட்டிலைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை வடித்து, தண்ணீர் விட்டு அலசி அதையும் டேங்க்கில் ஊற்றினார். அவள் தண்ணீரை ஊற்றினாள். வெளியே கொஞ்சம் சிந்தியது. அவர் குனிந்து டேங்க்கின் மூடியைத் திருகினார். சிந்தினால் கத்துகிறவர் கத்தவில்லை என்பதே ஒரு முள்ளாகப் போய்க் குத்தியது. டேங்க்கைத் தூக்கி விட்டாள், அவர் உள்ளே போனார், தோகை மூடிக்கொண்டது.

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். டொக்கு டொக்கு. நேற்று மத்தியானம் ரேஷன் கடையிலிருந்து அவள் வந்தபோது அவர் மாட்டுத்தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, தலையெல்லாம் ஈரமாக. பசிக்குது, சோறு போடு என்றார். ஐப்பசியிலிருந்து சோற்றைக் கிளறிவிட்டுக் கை கழுவுகிறவர், நேற்று வட்டில் நிறையத் தின்று, மறுபடியும் போடு என்று வாங்கி, ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்து, தனக்குத்தானே ஒரு சிரிப்புச் சிரித்தார். என்னாங்க என்றாள். ஒன்னுமில்ல, கஞ்சி வடிச்சியா என்றார். வடிச்சேன் என்றாள். நல்லா வடி என்றார். புருஷன் சோறு தின்றான் என்று பெண்டாட்டிக்குச் சந்தோஷம் வரத்தானே வேண்டும், வந்தது, வந்த கையோடு அதற்குப் பின்னாலேயே சாமிதுரையின் கன்றும் வந்துவிட்டது. இரண்டு கையால் வாங்கிய கன்று. கடைசி நாளில் மனிதர்கள் லேசாகிவிடுவார்களோ, முடிவு பண்ணிவிட்டால் பாரம் இறங்கிப் பசி வருமோ. அவர் சாப்பிடாதபோதும் பயந்தாள், சாப்பிட்டபோதும் பயந்தாள். இனி இவர் எதைச் செய்தால்தான் தனக்குப் பயமில்லாமல் இருக்கும் என்று கேட்டுக்கொண்டாள். இப்போதுகூட, இதுக்கு மேல ஒரு மருந்து கெடையாது என்றாரே, அது என்ன பேச்சு. ஏன் அலசி ஊற்றினார். ஏன் கத்தவில்லை. மேலே ஒரு பருந்து சிறகை அசைக்காமல் வட்டம் போட்டது, அத்தனை பெரிய வானத்தில் விழாமல் நிற்கிறது, அதைப் பிடித்துக்கொண்டிருப்பது எது, கண்ணுக்குத் தெரியாத காற்றுதானே, நாமும் அப்படித்தானோ, என்னவென்றே தெரியாத ஒன்றின்மேல் இத்தனை நாளும் நின்றுகொண்டிருக்கிறோமோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, சத்தம் நின்று வெகுநேரமாகிவிட்டது என்பது திடீரென்று புரிந்தது.

"ஏங்க."

சரசரப்பு.

"ஏங்க!"

எழுந்தாள், செருப்பு எங்கே போயிற்றோ, தோகையை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். ஊன்றியதும் அவள், களை எடுத்ததும் அவள், இருந்தாலும் இந்த உயரத்தில் இந்தக் கொல்லைக்குள் அவள் வந்தது இல்லை. உள்ளே வேறு ஒரு வெளிச்சம். வெயில் பச்சையாக வடிந்து இறங்கியிருந்தது. தோகைத் தூசி பொன்பொடி மாதிரி அவள்மேல் உதிர்ந்துகொண்டிருந்தது, தோகை விளிம்பு முகத்தைக் கீறியது, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி தண்டு, ஒரே மாதிரி உழவுச் சால், கோயில் தூண்களுக்கு நடுவே வழி தவறிய குழந்தை மாதிரி அவள் ஓடினாள். ஒவ்வொரு இலையிலும் சல்லடைக் கண்கள், ஒவ்வொரு குருத்திலும் புழு எச்சம், அதன்மேல் வெள்ளைச் சொட்டுகள், கஞ்சிச் சொட்டுகள், ஒரு குருத்துகூட விடாமல். ஒன்றைக்கூட விடவில்லை அந்த மனிதர். புளிப்பு வாடை கொல்லை பூராவும் நிறைந்திருந்தது. இந்த வாடை துண்டைத் தாண்டாதா, என்று ஓடும்போதே ஒரு நினைப்பு ஓடியது, இந்த வாடை எந்தத் துண்டைத்தான் தாண்டாது, நானென்ன பைத்தியமா.

அவர் இரண்டு சாலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். டேங்க் பக்கத்தில் இருந்தது, துண்டு கழுத்தில் தொங்கியது. உள்ளங்கையில் ஒரு புழுவை விட்டு அது ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"அது மருந்து இல்லீங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "நான் கொட்டிட்டன். எல்லாத்தயும் கொட்டிட்டன். அது கஞ்சித் தண்ணி."

"தெரியும்."

அவள் வாயைப் பிளந்தாள்.

"எப்ப? இன்னிக்கிக் கலக்கும்போதா?"

"நேத்து. நீ ரேஷனுக்குப் போயிருந்தப்ப."

"நேத்து மருந்தடிக்கிற வேலையே இல்லியே. நேத்து என்னாத்துக்கு..."

கேள்வி பாதியில் நின்றது. கலியபெருமாள் புழுவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், மெதுவாக, "மருந்தடிக்க எடுக்கல தையலு" என்றார்.

காற்று நின்றுபோன மாதிரி இருந்தது. அவள் மடங்கி மண்ணில் உட்கார்ந்தாள். எந்தச் சொல் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று இத்தனை நாளும் வாசலில் நின்று காவல் காத்தாளோ, அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்திருக்கிறது. அது உள்ளே இருந்துகொண்டே அவரோடு சாப்பிட்டிருக்கிறது, படுத்திருக்கிறது.

"மூடியத் தொறந்தன். புஸ்ஸுன்னு பொங்கிச்சு. கழுநீர்ப் பானைக்குள்ள தலைய விட்ட மாதிரி ஒரு வாட. மொதல்ல ஒண்ணும் வெளங்கல. அப்பறம் வெளங்கிச்சு." அவர் குரல் உடைந்து, சேர்ந்துகொண்டது. "இத்தினி நாளா இத மனசுல வெச்சிக்கிட்டா இவ எனக்குச் சோறு போட்டான்னு நெனச்சன். மாட்டுத்தொட்டிமேல குந்திட்டன். அழுவன்னு பாத்தா சிரிப்பு வந்திச்சு. அப்பறம் பசி வந்திச்சு பாரு, அப்பிடி ஒரு பசி."

தையல்நாயகிக்கு அன்றைக்கு உலை வடித்தது ஞாபகம் வந்தது. ஒரு பானை கஞ்சி. அன்றைக்கு வடித்ததை மாட்டுக்கு ஊற்றியிருந்தால்? அஞ்சலம் தன்னைவிடக் கெட்டிக்காரி, புருஷன்மேல் தன்னைவிடப் பிரியம் வைத்திருந்தவள், அவளுக்கு இது தோன்றவில்லை, தனக்குத் தோன்றியது, அவ்வளவுதான் வித்தியாசம். இவ்வளவு மெல்லிய ஒன்றின்மேலா இந்த மனிதர் இப்போது உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, சாமி கும்பிடும்போதுகூட அப்படிச் சிலிர்த்ததில்லை. கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள். வார் அறுத்த இடம் தோல் உரிந்து தகித்தது.

"தெரிஞ்சிக்கிட்டே என்னாத்துக்குங்க இத்தன டேங்க்கு சுமந்தீங்க? தோளு பிஞ்சி போயிருக்கே."

"சும்மா குந்தியிருந்தா அந்த நெனப்பு வருது. தோள்ல பாரம் ஏத்துனா வர்ல." கொஞ்சம் யோசித்து, "நீ வடிச்சது. அத கீழ கொட்ட எனக்கு மனசு வரல" என்றார். "நீயா சொல்றியான்னு பாத்தன். நீ கல்லுளிமங்கி. சொல்லவேல்ல."

அவள் அழுதாள். மறைக்காமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அழுது முடித்ததும், கேட்கவே கூடாது என்று இருந்ததைக் கேட்டாள்.

"இனிமே?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு நம்பிக்கை கொடுத்தது. சட்டென்று இனிமேல் அப்படி நினைக்கவே மாட்டேன் என்றிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"தெரியாது தையலு. பொய் சொல்ல மாட்டன். கடன் அப்பிடியேதான் இருக்கு, இது வேற இப்பிடித் தின்னுக்கிட்டு கெடக்கு. நெனப்பு திரும்ப வந்தாலும் வரும். வந்தா ஒங்கிட்ட சொல்றன்."

"எந்நேரமா இருந்தாலும்?"

"எந்நேரமா இருந்தாலும்."

"நான் தூங்கிக்கிட்டு இருந்தாலும் எழுப்பணும்."

"ஒன்ன எழுப்பறது செத்த பொணத்த எழுப்பற மாதிரி" என்று ஆரம்பித்தவர், சொன்ன சொல் காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். "எழுப்பறன்" என்றார்.

அவர் கையிலிருந்த புழுவைத் தரையில் தட்டிவிட்டார். சுற்றிலும் மெல்லிய நறநறப்பு கேட்டது, மழை தூற ஆரம்பிக்கிற மாதிரி. புழுக்கள் தின்கிற சத்தம்தான். வெளியே வரப்பில் இருக்கும்போது இது கேட்டதில்லை. தையல்நாயகி எழுந்து, எட்டி ஒரு குருத்தை வளைத்துப் பிடித்து, பிரித்தாள். சுருண்ட இலைக்குள் இலை, அதற்குள் இன்னும் வெளிறிய இலை, ஆக உள்ளே, வெயிலே படாத ஈரத்தில், நாமம் போட்ட தலையோடு அது உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு சொட்டுக் கஞ்சி காயாமல் மினுக்கியது. புழு கஞ்சியைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. இரண்டு விரலால் கிள்ளி எடுத்தாள், மண்ணில் போட்டாள், காலால் தேய்த்தாள்.

"கையாலயா?" என்றார் கலியபெருமாள். "கொல்ல பூராவுமா? இன்னிக்கெல்லாம் பொறுக்குனாலும் கால்வாசி ஆவாது."

"நாளைக்கும் பொறுக்குவம். பொறுக்குன குருத்துல மண்ணள்ளிப் போட்டா கொஞ்சம் அடங்குமாம், ஆபீஸ்காரரு சொன்னாரு. மருந்துக்கு எவங்கிட்டயும் போயி நிக்கவேணாம். நீங்க அந்தச் சாலு, நான் இந்தச் சாலு."

அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். பக்கத்துச் சாலில் அவர் நிற்பது தோகைகளுக்கு ஊடே துண்டு துண்டாகத் தெரிந்தது, ஒரு காது, ஒரு முழங்கை, கழுத்தில் அந்த நரம்பு. இனி இவர் எங்கே நிற்கிறார் என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவள் நிமிர்ந்து கொல்லையைப் பார்த்தாள், சால் சாலாகப் போய்க்கொண்டே இருந்தது, ஒவ்வொரு செடிக்கும் ஒரு குருத்து, ஒவ்வொரு குருத்துக்குள்ளும் ஒன்று, அம்மாடி, எவ்வளவு.

"வாய மூடு புள்ள" என்றது அடுத்த சாலிலிருந்து ஒரு குரல். "புழு பூந்துரும்."

"பூந்தா பூந்துட்டுப் போவுது. நீங்க குருத்தப் பிரிங்க" என்றாள் தையல்நாயகி.